பணிவு பேசும் பெருமை

சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் அமர்ந்திருந்தேன். பக்கத்து ஸஹனில் ஒரு பெரியவர் தம் மகனைப் பற்றி எதிரில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் எங்கே படித்தான்! புத்தகத்தைத் தொட்டதே இல்லை. ஏதோ அல்லாஹ்வின் கிருபை, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நமக்கெல்லாம் அந்தத் தகுதி ஏது?" கேட்டவருடைய மகளோ இரண்டு முறை தேர்வெழுதியும் இடம் கிடைக்காமல் வீட்டில் இருப்பவள். சோற்றைப் பிசைந்த கையோடு அவர், "அப்படிச் சொல்லாதீர்கள், பிள்ளை கெட்டிக்காரன், எல்லாம் உங்கள் வளர்ப்பு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பெரியவர் பேசியதை அப்படியே தாளில் எழுதிப் பார்த்தால் அதில் பெருமை என்று சுட்டத்தக்க சொல் ஒன்றுகூட இராது. பெருமை முழுவதும் கேட்டவர் வாயிலிருந்து வாங்கப்பட்டது. அதுவும் யாரிடமிருந்து? அதைக் கொடுக்கச் சற்றும் வசதியற்ற ஒருவரிடமிருந்து. வெளிப்படையாகப் பீற்றிக்கொள்பவனைக் கண்டால் நாம் சிரித்துவிட்டாவது போகலாம். பணிந்து பேசுகிறவரிடம் அந்த வசதியும் இல்லை. மறுத்துப் புகழாவிட்டால் நாமே மரியாதை அறியாதவர்களாகிறோம்.

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஹாரிஸ் விட்டல்ஸ் இத்தகைய பேச்சுகளை 2010 முதல் திரட்டிக் காட்டி, 2012இல் நூலாகவும் வெளியிட்டார். 'ஹம்பிள்பிராக்' என்ற ஆங்கிலச் சொல் அதனால் பரவிற்று. சொல் புதிது, சரக்கு மிகப் பழையது. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் முகஸ்துதியை ஆராயுமிடத்தில் ஒரு நோன்பாளியைக் காட்டுகிறார்கள். உண்ண அழைத்தால் அவர் 'நான் நோன்பு' என்று சொல்வதில்லை. 'எனக்கு ஒரு தடை இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறார். நோன்பு நோற்றிருப்பதையும் தெரிவித்தாயிற்று; தம் வணக்கத்தை மறைத்துக்கொள்ளும் மனத்தூய்மையாளர் என்ற பெயரையும் வாங்கியாயிற்று. இரண்டு தீமைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார் என்பது இமாமவர்களின் தீர்ப்பு. மேற்படிப் பெரியவர் செய்ததும் இதுவே: மகனுக்கு ஒரு புகழ், தம் பணிவுக்கு ஒரு புகழ்.

'அப்படியானால் நம் புலவர்கள் பாடிய அவையடக்கமும் வேஷந்தானா?' என்று இலக்கிய அன்பர்கள் கேட்கக்கூடும். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொண்டார். பெரும்புயலின் முன் சிற்றெறும்பு விட்ட மூச்சாக உமறுப்புலவர் தம் கவியைச் சொன்னார். ஆனால் அது அவையறிந்த மரபு. அதை வைத்து யாரும் ஏமாறுவதில்லை. எவரும் எழுந்து, 'இல்லை புலவரே, நீர் எறும்பல்லர்' என்று மறுக்கவேண்டியதும் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் புலவர் 5,000க்கு மேற்பட்ட விருத்தங்களில் சீறாவைப் பாடப் போய்விடுகிறார். அரபுக் கையெழுத்துப் பிரதிகளின் ஈற்றில் எழுதியவர் தம்மை 'அல்ஃபகீர்' என்று குறித்துக்கொள்வதும் இவ்வகையே. கேட்பவரிடம் பதிலை எதிர்பார்த்து நிற்கும் பணிவுதான் என் ஐயத்துக்குரியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தன் தகுதியைத் தானே சொல்வது எப்போதும் குற்றம் என்று நம் முன்னோர் கருதவில்லை. தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த பவணந்தியாரே, அடுத்த நூற்பாவில் நான்கு இடங்களுக்கு விலக்கு அளிக்கிறார்: மன்னனவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்தபோது. நபி யூசுஃப் (அலை) அவர்களும் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் காக்க வல்லவர், அறிந்தவர் என்று நேராகவே சொன்னதாகத் திருமறை கூறுகிறது. அங்கே பஞ்சம் வரவிருந்தது. குழைந்து பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 'என் மகன் இரவு பகலாகப் படித்தான், இடம் கிடைத்தது, எனக்கு மிகவும் மகிழ்ச்சி' என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன குறை? எதிரில் இருந்தவர்கூட, தம் மகள் எப்படிப் படிக்கலாம் என்று அந்தப் பையனிடம் கேட்டு வரச் சொல்லியிருப்பார். படிக்காமலே கிடைத்தது என்றபின் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இப்போது வாட்ஸ்அப்பில் இது பெருகிவிட்டது. 'பாவியாகிய இந்த அடிமைக்கும் ஐந்தாவது முறையாக அழைப்பு வந்திருக்கிறது, துஆச் செய்யுங்கள்' என்று கஅபாவின் முன் எடுத்த படத்தோடு செய்தி வருகிறது. துஆக் கேட்பது நல்ல காரியம். 'ஐந்தாவது' என்ற எண்ணுக்கும் துஆவுக்கும் என்ன உறவு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிறரை இவ்வளவு எழுதியபின் என் கதையையும் மறைப்பது நியாயமாகாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில், "அரபியும் தமிழும் அரைகுறையாகக் கற்ற இந்த எளியவன்" என்று தொடங்கினேன். நன்றியுரை கூற வந்த இளைஞர் கபடமில்லாமல், "ஹஜ்ரத் அவர்கள் அரைகுறையாகவே கற்றிருந்தாலும் நமக்குப் புரியும்படி பேசினார்கள்" என்றார். என் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் தேநீர்க் கடையில் ஒரு நண்பரைப் பிடித்து, நான் எந்தெந்த உஸ்தாதுகளிடம் எத்தனை ஆண்டுகள் கிதாபு ஓதினேன் என்பதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அந்த இளைஞர் வழியில் ஸலாம் சொன்னால் பதில் சொல்வேன். நானாக முந்திச் சொன்னதில்லை. அவர் பின்னர் பிழைப்புக்காக வெளிநாடு போய்விட்டார். என்ன குற்றம் செய்தோம் என்பது அவருக்கு இன்றுவரை தெரிந்திராது.