மாணிக்கமும் வலன் கதையும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துள்ள ‘மாணிக்கம் விற்ற படலத்தை’ மணியிலக்கணம் கூறும் பகுதியென்றளவில் கற்றுச் செல்வோர் உளர். அஃது அதன் பொருளைக் குறைத்து மதிப்பதாகும். வீரபாண்டியன் புலிவாய்ப்பட்டு இறந்தபின், காமக்கிழத்தியர் மைந்தர் முடியையும் அணிகளையும் கவர்ந்தேகினர். புதுமுடிக்கு மணியின்றி அமைச்சர் வருந்துங்கால், வணிகராய் வந்த சோமசுந்தரர் வலன் கதையை உரைக்கின்றார். போரில் வெல்லலாகா அவ்வசுரனை வேள்விப்பசுவாகுமாறு இந்திரன் இரந்தான். அவனும் மறாது இசைந்தான். அவன் குருதி மாணிக்கமாயிற்று, பல் முத்தாயிற்று, என்பு வைரமாயிற்று. இரந்தவன் தேவர்கோன், ஈந்தவன் அசுரன் என்பது நோக்கத்தக்கது. களவினால் வறிதாகிய அரசுக்கு ஈகையில் விளைந்த மணியே முடியாகின்றது. படலத்தின் உயிர்நிலை இதுவென்பது எமது கருத்து. அக்குருதி சிங்கள நாட்டு ஆறொன்றில் வீழ்ந்ததெனக் கருடபுராணம் கூறும். இரத்தினபுரியில் ஆற்றுச் சரளைப் படுகைகளிலேயே மணி அகழ்கின்றனராதலின், அச்செய்தி தனித்து ஆராய்தற்குரியது.