மக்ஸ் றோச்: முதுமையிலும் ஓயாத தேடல்

ஜாஸ் இசையிலே ட்ரம் கலைஞன் நெடுங்காலமாகப் பின்வரிசைக்குரியவனாகவே கருதப்பட்டு வந்தான். ஏனையோர் கற்பனையை விரிக்க, அவன் காலப்பிரமாணத்தைக் காத்து நிற்பான். 1924இற் பிறந்து 2007இல் மறைந்த ஐக்கிய அமெரிக்கக் கலைஞர் மக்ஸ் றோச்சின் இசைவாழ்வு முழுவதும் இம்மதிப்பீட்டுக்கு எதிரான ஒரு வாதமாக அமைந்தது எனலாம்.

1940களில் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி முதலியோருடன் சேர்ந்து பீபொப் என்னும் புதுநெறியைச் சமைத்தோருள் இவரும் ஒருவர். கென்னி கிளார்க் காட்டிய வழியிலே, காலங்காட்டும் பணி காலால் இயக்கும் பெரிய ட்ரம்மிலிருந்து சிம்பலுக்கு மாறியது. அதனால் விடுபட்ட ஏனைய ட்ரம்கள் தனி வாசிப்போருடன் உரையாடத் தொடங்கின. 1960இல் ஒலிப்பதிவான ‘வீ இன்சிஸ்ட்!’ கறுப்பின மக்களின் விடுதலைக் குரலாயிற்று. இவ்வளவில் நின்றிருப்பினும் வரலாற்றில் றோச்சுக்கு இடமுண்டு. பலர் அப்படித்தான் நின்றுவிடுகின்றனர். இளமையிற் பெற்ற புகழை முதுமையில் வட்டியாக உண்பது கலையுலகிற் புதுமையன்று.

1970இல் தாளவாத்தியக் கலைஞர்களை மட்டுமே கொண்ட எம்பூம் குழுவை அமைத்த றோச், 1979 டிசெம்பரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே செசில் ரெய்லருடன் மேடையேறினார். ரெய்லரின் பியானோ சீரான தாளத்துக்கு அடங்காதது. தானே ஒரு ட்ரம் போல ஒலிப்பது. ஐம்பத்தைந்து வயதான பீபொப் முன்னோடிக்கு அங்கே பழகிய பற்றுக்கோடு எதுவுமில்லை. எனினும் றோச் ரெய்லரின் வேகத்தைப் பின்தொடர்ந்து ஓடவில்லை; அதற்குக் கரைகட்டவும் முயலவில்லை. சிறு சொற்கட்டுகளை எடுத்து, திருப்பி, சிதைத்து, மீளக் கட்டித் தம் பேச்சைத் தாமே நடத்துகிறார். அந்த ஒலிப்பதிவு இன்றும் செவிக்கு இலகுவானதன்று.

இதனைப் புதுமை மோகம் என ஒதுக்குதல் பொருந்தாது. 1966இல் வெளிவந்த ‘ட்ரம்ஸ் அன்லிமிற்றெட்’ இசைத்தட்டிலேயே துணைக்கருவி எதுவுமின்றி மூன்று உருப்படிகளை வாசித்தவர் அவர். ட்ரம் தனித்து நின்று பொருளுணர்த்துமா என்று அன்று எழுந்த வினாவே 1980களில் ராப், பிரேக் நடனக் கலைஞருடனும் அவரை மேடையேற்றியது.

எல்லாச் சோதனைகளும் ஒருங்கே வென்றன எனல் விமர்சனமாகாது. தம் நால்வர் குழுவுடன் நரம்பிசை நால்வரை இணைத்து அவர் அமைத்த இரட்டை நால்வர் குழுவிலே (மகள் மக்சீன் அதில் வயோலா வாசித்தார்) நரம்புக்கருவிகள் சில இடங்களிற் சுமையாகவே படுகின்றன.

1989இற் பரிஸ் நகரிலே கில்லெஸ்பியுடன் அவர் மீண்டும் சேர்ந்தார். பழைய நண்பர்கள்தாம். ஆனால் பியானோவுமில்லை, பாஸுமில்லை. ட்ரம்பெற்றும் ட்ரம்மும் மாத்திரமே. கில்லெஸ்பி மௌனமாகும் வேளைகளிற் பாட்டைத் தொடரும் பொறுப்பு ட்ரம்முக்கே உரியதாயிற்று.