ஏவியவர்களின் உரைநடை

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் சொன்ன 'பயெஹலி' என்ற ருஷ்யச் சொல் உலகப் பிரசித்தம். கிளம்பியாயிற்று என்று பொருள். மாட்டுவண்டி நகரும்போதும் சொல்லக்கூடிய சாதாரணச் சொல்தான். அதற்குச் சற்று முன், அதே வானொலி இணைப்பில், 'ஸர்யா' என்ற அழைப்புப் பெயருடன் இன்னொரு குரல் பேசிக்கொண்டிருந்தது. ஆயத்தக் கட்டம், இடைக் கட்டம், முதன்மைக் கட்டம், எழும்பல் என்று எஞ்சின்கள் படிப்படியாக வலுவேறுவதை அது வரிசையாக அறிவித்தது. அந்தக் குரலுக்குரியவர் செர்கெய் கொரல்யோவ். அவருடைய பெயரை ஸோவியத் மக்கள் தெரிந்துகொள்ள, 1966 ஜனவரியில் அவர் சாகவேண்டியிருந்தது. அதுவரை அவர் பத்திரிகைகளில் வெறும் 'தலைமை வடிவமைப்பாளர்'.

ககாரினின் சொல்லில் ஒரு மனிதன் இருக்கிறான். கொரல்யோவின் சொற்களில் ஒரு வரிசை மட்டுமே இருக்கிறது. ஞாபகம் இயல்பாகவே முதலாவதைப் பற்றிக்கொள்கிறது. காவியத்திலிருந்து சினிமா வரை நமக்குப் பழக்கமான வடிவமும் அதுதான். இரண்டாவது வகைக் குரலுக்கு உரைநடையில் ஒரு வடிவம் சாத்தியமா என்ற கேள்வியோடு, மனிதனை விண்ணுக்கு ஏவிய ஆரம்ப வருஷங்களைப் பற்றிய இரண்டு நினைவு நூல்களை நான் அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று அமெரிக்கரான ஜீன் கிரான்ஸ் 2000-இல் வெளியிட்டது. மற்றது கொரல்யோவின் கீழ்க் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கவனித்த போரிஸ் செர்தோக்கின் 'ராக்கெட்டுகளும் மனிதர்களும்'. ருஷ்ய மொழியில் 1990-களில் வந்த இந்நூலை 2005 முதல் நான்கு பெரிய தொகுதிகளாக நாஸா ஆங்கிலத்தில் வெளியிட்டது.

இந்தத் துறையில் பெயர் என்பதே ஒரு பிரச்னை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'ப்ராவ்தா'வில் கொரல்யோவ் எழுதிய கட்டுரைகள் 'பேராசிரியர் கே. செர்கேயெவ்' என்ற பெயரில் வந்தன. வஸ்தோக் கலத்தின் பொறுப்பு வடிவமைப்பாளரான ஓலெக் இவனோவ்ஸ்கி தம் அனுபவங்களை 1970-இல் புத்தகமாக்கியபோது 'அலெக்ஸெய் இவானவ்' ஆக வேண்டியிருந்தது. நம் சிறுபத்திரிகைகளில் புனைபெயர் என்பது எழுதுகிறவன் தானே சூடிக்கொள்வது. சில வேளைகளில் கொஞ்சம் ஜம்பத்துக்காகவும். இவர்களுக்கு அது ராஜ்ய ரகசியத்தின் ஒரு உறுப்பு. ககாரின் உள்ளே படுத்திருக்க, கலத்தின் கதவு மூடியதற்கான மின் அறிகுறி ஒன்று வரவில்லை. இவனோவ்ஸ்கியும் உடனிருந்த தொழிலாளர்களும் முப்பது நட்டுகளையும் கழற்றி, தொடுமுனையைச் சரிசெய்து, மறுபடி முறுக்கினார்கள். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர், ஒன்பது வருஷம் கழித்துக்கூடத் தம் சொந்தப் பெயரில் ஒரு புத்தகம் எழுத முடியவில்லை.

கிரான்ஸுக்கு இந்தத் தடை இல்லை. அவருடைய புத்தகத்தின் ஆரம்பம் நன்றாகவே இருக்கிறது. 1960 நவம்பர் 21, கேப் கனாவெரல். ஆளில்லாத மெர்க்குரி கலத்தைத் தாங்கிய ரெட்ஸ்டோன் ராக்கெட் பற்றிக்கொள்கிறது; சுமார் நான்கு அங்குலம் எழும்புகிறது; எஞ்சின் அணைந்து ஏவுமேடையிலேயே திரும்ப அமர்கிறது. கலத்தின் உச்சியிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியே பாய்ந்து போகிறது. பாரசூட் வெளியே வந்து தொங்குகிறது. இப்போது எரிபொருள் நிறைந்த ராக்கெட் ஒன்று பிடிமானமில்லாமல் நிற்கிறது. துப்பாக்கியால் தொட்டியைத் துளைத்து அழுத்தத்தைக் குறைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வருகிறது. கடைசியில் செய்த காரியம், ஒன்றும் செய்யாமல் மறுநாள்வரை காத்திருந்தது: மின்கலங்கள் தீரட்டும், திரவ ஆக்ஸிஜன் ஆவியாகட்டும் என்று. காரணம் பின்னால் தெரிந்தது. ராக்கெட்டின் அடியில் பிரியவேண்டிய இரண்டு மின் இணைப்புகள் வரிசை மாறிப் பிரிந்திருந்தன. நொடியில் ஒரு சிறு பகுதி வித்தியாசம்.

இவ்வளவு நேர்மையாகத் தொடங்குகிற புத்தகத்தின் அட்டையில் இருக்கும் பெயரோ, தோல்விக்கு இடமில்லை என்று முழங்குகிறது. அந்த வாக்கியம் எந்தக் கட்டுப்பாட்டு அறையிலும் பிறந்ததல்ல. 'அப்பல்லோ 13' என்ற 1995-ஆம் வருஷப் படத்துக்காகத் திரைக்கதாசிரியர்கள் எழுதிக் கொடுத்த வசனம். பொறியியலாளர் அதைத் திரும்ப வாங்கித் தம் வாழ்க்கைக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார். எனக்கு இது ஒரு சிறிய ரசனைக் குறையாகப் படவில்லை. தோல்வியைத் தினமும் எதிர்பார்த்து, எந்த இணைப்பு எதற்கு முன்னால் பிரியும் என்று கணக்குப் பார்த்தவர்களின் பிரக்ஞையை, தோல்வியை அறியாத வீரனின் பிரக்ஞை வந்து மூடிவிடுகிறது. முதல் அத்தியாயத்தின் நான்கு அங்குலத்தை அட்டை மறுத்துவிடுகிறது.

செர்தோக்கிடம் இந்த வசனம் கிடையாது. 1912-இல் பிறந்து 2011-இல் இறந்த மனிதர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. அவர் எழுத்து எவரையும் வசீகரிக்க முயலவில்லை. கூட்டங்கள், கமிஷன்கள், ரிலேக்கள், வால்வுகள், யார் யாரோடு சண்டை போட்டார், யார் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பெயர்கள், பெயர்கள். நானும் பல இடங்களில் தூங்கி விழுந்தேன். படித்த நண்பர் ஒருவர், இது நூலல்ல, சரக்கறைப் பதிவேடு என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை அவர் குறையாகச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

1960 அக்டோபர் 24 பற்றிய அத்தியாயத்தைப் பார்க்கலாம். பைக்கனூரில், ககாரின் புறப்படுவதற்கு ஆறு மாதம்கூட இல்லாத சமயம். ராக்கெட் கொரல்யோவினுடையது அல்ல. மிகயீல் யாங்கெலின் ஆர்-16 என்ற போர் ஏவுகணை. எரிபொருளை வெளியேற்றாமலே பழுது பார்க்கிறார்கள். மார்ஷல் நெடெலின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மின்கலங்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்க, நிரல் கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்புகிறார்கள். வழியில் இரண்டாம் அடுக்கின் எஞ்சினுக்கு உத்தரவு போய்விடுகிறது. எழுபதுக்கும் மேற்பட்டோர் எரிந்து செத்தார்கள். நெடெலின் விமான விபத்தில் இறந்ததாக அறிவிப்பு வந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1989-இல்தான் ஸோவியத் பத்திரிகையில் உண்மை வெளியாயிற்று.

கேப் கனாவெரலில் நடந்ததும் இங்கே நடந்ததும், நான்கு வாரத்துக்குள், ஒரே தன்மையவை. இரண்டிலும் வரிசை பிசகியிருக்கிறது. அங்கே பக்கத்தில் ஆளில்லை, ஆகவே அது கேலிக்கூத்து. இங்கே ஆட்கள் இருந்தார்கள். ஏவுகிறவர்களுக்கு வரிசை என்பது இலக்கணம் மட்டுமன்று, அறமும் அதுவே என்று அப்போது எனக்குப் புரிந்தது. எது முதலில், எது அடுத்து, அதை யார் சொன்னார், யார் செய்தார். செர்தோக்கின் சலிப்பூட்டும் உரைநடை இந்தக் கேள்விகளைக் கைவிடுவதேயில்லை. விபத்தைத் துக்கமாகவோ தியாகமாகவோ உயர்த்திவிட்டால் கேள்விகள் நின்றுபோகும். அவர் உயர்த்துவதில்லை. சரக்கறைப் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் சாமான் காணாமல் போகும். இங்கே காணாமல் போவது ஆள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தப் பதிவேட்டையும் அதன் அளவுகோலாலேயே சோதிக்கவேண்டும். 1945-இல் செர்தோக் ஜெர்மனி போகிறார், ஏ-4 ராக்கெட்டின் மிச்சங்களைத் திரட்ட. அந்த ராக்கெட்டுகளை நார்ட்ஹவுசன் அருகே மலைக்கடியில் கட்டியவர்கள் டோரா முகாமின் கைதிகள். சுமார் 60,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தார்கள். அந்த ராக்கெட்டிலிருந்துதான் இரு நாடுகளின் வரிசையும் தொடங்குகிறது. ஸோவியத்தின் ஆர்-1 அதன் நகல். அமெரிக்காவின் ரெட்ஸ்டோன் அதன் வாரிசு. கென்னடி விண்வெளி மையத்தின் முதல் இயக்குநர் கர்ட் டெபுஸ், ஜெர்மனியில் எஸ்.எஸ். உறுப்பினராக இருந்தவர். டோராவின் உழைப்பில் இயங்கிய தொழிற்சாலையின் உற்பத்திப் பொறுப்பாளர் ஆர்தர் ருடால்ப், பிறகு சாட்டர்ன் 5 திட்ட மேலாளர். 1984-இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து வெளியேற நேர்ந்தது.

செர்தோக் டோராவை மறைக்கவில்லை. எழுதுகிறார், கோபத்தோடேயே எழுதுகிறார். ஆனால் அடுத்த அத்தியாயங்களில் ரிலேக்களும் கமிஷன்களும் வந்துவிடுகின்றன. வால்வு எங்கிருந்து வந்தது என்று ஆயிரம் பக்கத்துக்குப் பிறகும் நினைவு வைத்திருக்கும் எழுத்து, அந்தச் சுரங்கத்துக்குத் திரும்பிப் போவதில்லை. ககாரினின் காலை வரும்போது கொரல்யோவின் கோலிமா முகாம் மாதங்கள் வாசகன் மனத்தில் நிழலாடுகின்றன. டோரா ஆடுவதில்லை. கொரல்யோவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்பதுதான் வித்தியாசம். பெயர் நீக்கப்பட்டவர்களுக்குப் பெயரை மீட்டுத் தந்த ஒரு மகத்தான புத்தகம், பெயரே பதியப்படாதவர்கள் முன்னால் தன் முறையைத் தொடர முடியாமல் நின்றுவிடுகிறது.

இதை அவருடைய குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். முறையின் எல்லை எங்கே என்று காட்டும் அளவுக்கு நேர்மையான முறை அது; வசனத்தில் வாழும் புத்தகங்களுக்கு அப்படி ஓர் எல்லையே தென்படாது. நான்கு தொகுதிகளையும் இன்னொரு முறை படிக்க எண்ணியிருக்கிறேன். இந்தத் தடவை நார்ட்ஹவுசன் பக்கங்களை முதலில் படித்துவிட்டு, அங்கிருந்து நேரே அந்த முப்பது நட்டுகளுக்குப் போவதாக உத்தேசம்.