இரட்சணிய யாத்திரிகமும் வானவர் கேட்ட வினாவும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டத்தையும் அதன் ஆசிரியருக்கு வழங்கிவிட்டு அடுத்த நூலுக்குச் சென்றுவிடுகின்றன. முஸ்லிம்களாகிய நாமோ அந்த அளவுக்குக்கூட அதனை அணுகியதில்லை. கிறிஸ்தவக் கோட்பாட்டைப் பற்றிய நமது எழுத்துகள் பெரும்பாலும் திரித்துவம், சிலுவை, ஆதிபாவம் ஆகிய மூன்றையும் சுற்றியே அமைகின்றன. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்னும் திருக்குர்ஆன் வசனத்தை (6:164) எடுத்துக்காட்டியதும் வாதம் முடிந்தது என எண்ணிவிடுகிறோம். ஆதிபாவம் மறுக்கப்பட்டது உண்மை. ஆயினும் அதற்கு முந்தைய வினா ஒன்று அப்படியே எஞ்சி நிற்கிறது: அனைத்தையும் அறிந்த, அனைத்துக்கும் ஆற்றலுள்ள இறைவன் பாவத்தை ஏன் அனுமதித்தான்? இந்த நூலை அந்த வினாவின் வழியே படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1827இல் திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. கம்பராமாயணத்தில் தோய்ந்து வளர்ந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இக்காவியம் 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆங்கிலேயரான ஜான் பன்யன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பல்லாண்டு சிறையிருந்தவர். 1678இல் அவர் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையே இதற்கு மூலம். நாசபுரியை விட்டு ஓடும் ஒருவன் சேற்றிலும் பள்ளத்தாக்கிலும் அரக்கர் கோட்டையிலும் அலைக்கழிந்து முத்திநகர் சேர்வதே கதை. தமிழில் அது ஐந்து பருவங்களாகவும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுட்களாகவும் விரிந்தது. இவற்றுள் இயேசுவின் பாடுகளைப் பாடும் குமார பருவம் மூலத்தில் இல்லாதது. கிருஷ்ண பிள்ளை தாமாகச் சேர்த்தது. அதை ஏன் சேர்த்தார் என்பதே நூலின் திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

இங்கு ஒன்றை நினைவுகூர வேண்டும். துன்பத்துக்குக் காரணம் தேடும் பேச்சு தமிழகத்துக்குப் புதியதன்று. நான் வசிக்கும் ஏனாத்தூருக்கு அண்மையிலுள்ள காஞ்சியில்தான் அறவண அடிகள் துன்பத்தின் காரணச் சங்கிலியை மணிமேகலைக்கு எடுத்துரைப்பதாகச் சாத்தனார் காட்டுகிறார். பௌத்தத்துக்குப் படைத்தவன் தேவைப்படவில்லை. எனவே 'அவன் ஏன் அனுமதித்தான்' என்ற கேள்வியும் அங்கே எழவில்லை. சைவமும் வைணவமும் இறைவனை ஏற்றன. ஆனால் முன்வினை என்னும் விடை அவற்றின் கையில் இருந்தது. பிறவிக்குருடனைக் கண்டால் அவனது முற்பிறவியைச் சுட்டலாம். ஒரே பிறவி, ஒரே இறைவன் என்று நம்புகிறவர்களுக்கு மட்டுமே இந்த வினா போர்வையின்றி நிற்கிறது. அவ்வகையில் கிறிஸ்தவரும் நாமும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

பன்யனின் வாசகர்கள் வினைக் கோட்பாட்டை அறியாதவர்கள். கிருஷ்ண பிள்ளையோ அதற்குள் பிறந்து, அதை விட்டு வந்தவர். அவருடைய வாசகரிற் பலர் இன்னமும் அதற்குள் இருந்தவர்கள். அவர் கைவிட்ட விடைக்கு ஈடாக வேறொரு விடை தந்தாக வேண்டியிருந்தது. வெறும் மொழிபெயர்ப்பு அதற்குப் போதாது. ஆகவேதான் ஆதி பருவத்தில் மனித வீழ்ச்சியைப் பேரரசனுக்கு எதிரான துரோகமாக அமைத்தார். குமார பருவத்தில் அத்துரோகத்தின் தண்டனையை அரச குமாரனே ஏற்பதாகப் பாடினார்.

இந்த அரசன் உவமை அழகியது, ஆபத்தும் உடையது. துரோகம் நிகழும் என்று முன்னரே அறிந்த அரசன் அதைத் தடுக்காதிருந்தால், பின்னர் அவன் செய்யும் தியாகத்தைப் போற்றுமுன் குடிகள் ஒரு கேள்வி கேட்பார்கள். சித்தம் சுதந்திரமானது, வற்புறுத்தப்பட்ட விசுவாசம் விசுவாசமாகாது என்பது கிறிஸ்தவ இறையியலின் வழக்கமான விடை. தீமைக்குத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைபாடே என்றார் அகஸ்தீன் (354–430). தீமையே இல்லாதிருப்பதைவிடத் தீமையிலிருந்து நன்மையை வெளிக்கொணர்வது மேலானது என இறைவன் கண்டான் என்றும் அவர் எழுதினார். காவியத்தின் அடியில் ஓடுவது இந்தக் கருத்தே. வீழ்ச்சி இல்லையேல் மீட்பர் இல்லை. மீட்பரின் மகிமை அத்தனை பெரிது என்றால் வீழ்ச்சியும் ஒருவகையில் பேறாகிவிடுகிறது. குமார பருவத்தின் உருக்கம் கூடக்கூட ஆதாமின் குற்றம் கதைக்கு இன்றியமையாத தேவையாக மாறுகிறது. குற்றம் தேவையாகிவிட்டால் குற்றவாளி யார்? காவியம் இதற்கு முகம் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லி வெற்றிப் பெருமிதம் கொள்ள நமக்கு உரிமை உண்டா? பூமியில் இரத்தம் சிந்துகிறவனையா படைக்கப் போகிறாய் என்று வானவர்கள் கேட்டதைத் திருக்குர்ஆன் (2:30) பதிவு செய்துள்ளது. அவர்களுக்குக் கிடைத்த பதில் விளக்கமன்று. நீங்கள் அறியாததை நான் அறிவேன் என்னும் பொருள்பட்ட அறிவிப்பு. இப்லீஸ் கேட்ட அவகாசமும் வழங்கப்பட்டது (15:36–38). ஆதம் (அலை) அவர்களும் மூஸா (அலை) அவர்களும் தர்க்கித்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸில், தாம் படைக்கப்படுமுன்பே விதிக்கப்பட்ட ஒன்றுக்காகத் தம்மைப் பழிக்கலாமா என்று ஆதம் கேட்க, வாதத்தில் ஆதமே வென்றதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நீங்கள் பாவமே செய்யாதிருந்தால், பாவம் செய்து மன்னிப்புத் தேடும் வேறொரு சமூகத்தை அல்லாஹ் கொண்டுவருவான் என்ற கருத்துள்ள ஹதீஸும் முஸ்லிமில் உண்டு. இப்லீஸ் படைக்கப்பட்டதன் ஹிக்மத்துகளை வரிசைப்படுத்திய இப்னுல் கய்யிம் (ரஹ்), தவ்பாவும் பொறுமையும் மன்னிப்பும் வெளிப்பட அது வாயிலாயிற்று என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அகஸ்தீனின் குரல் எங்கோ அருகில் கேட்பது போலவே தோன்றுகிறது. தீமை என்பது இன்மையே என்ற கருத்தும் அகஸ்தீனுக்கு மட்டும் உரியதன்று. இப்னு சீனாவிடமும் அது உண்டு.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. ஆதமின் தவறும் தவ்பாவும் மன்னிப்பும் திருக்குர்ஆனில் (2:36–37) அடுத்தடுத்த வசனங்களில் முடிந்துவிடுகின்றன. மன்னிப்பதற்கு அல்லாஹ்வுக்கு வேறொரு நிகழ்ச்சி தேவைப்படவில்லை. எனவே பாவம் அங்கே அனுமதிக்கப்பட்ட ஒன்றாக நிற்கிறது. இறைத் திட்டம் நிறைவேற வேண்டிய தூணாக உயர்வதில்லை. மனிதனின் பொறுப்பும் கரைந்துபோவதில்லை.

கிருஷ்ண பிள்ளையின் நூல் முற்றிலும் தோற்கும் இடம் வேறொன்று. அவர் காவியம் உருவான காலத்தை எண்ணிப் பாருங்கள். 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர்கள் இலட்சக்கணக்கானோர். திருநெல்வேலியில் அதனையொட்டிப் பல்லாயிரவர் கிறிஸ்தவத் திருச்சபைகளை நாடி வந்தனர். பசியில் இறந்த குழந்தை எந்தத் துரோகம் செய்தது? சித்த சுதந்திரம் கொலைகாரனை விளக்கும். பொய்த்த மழையை விளக்காது. பன்யன் தந்த சட்டகத்தில் பயணியின் இடர்கள் பெரும்பாலும் அக இடர்களே: ஐயம் ஒரு கோட்டை, அவநம்பிக்கை ஓர் அரக்கன். மூலக் கதையில் ஒரு காட்சி உண்டு. சுவரோரம் எரியும் நெருப்பின் மீது பகைவன் தண்ணீர் ஊற்றுகிறான். சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று ஒருவர் எண்ணெய் வார்த்துக்கொண்டே இருக்கிறார். சோதனையில் நிலைக்கும் விசுவாசிக்கு இது அருமையான உவமை. எரிவதற்குமுன்பே அணைந்துபோன விளக்குகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அந்தச் சிறு குழந்தை நம் அகீதா வரலாற்றிலும் ஒரு பெரும் பிளவை உண்டாக்கிற்று. இறைவன் அடியாருக்கு மிக நலமானதையே செய்தாக வேண்டும் என்பது முஃதஸிலாக்களின் கொள்கை. இமாம் அஷ்அரி (ரஹ்) தம் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் மூன்று சகோதரர்களின் கதையைக் கேட்டதாகச் சொல்வர். ஒருவன் நல்லவனாக இறந்தான், ஒருவன் தீயவனாக இறந்தான், ஒருவன் சிறுவனாகவே இறந்தான். வளர்ந்தால் பாவியாவாய் என்பதால் உன்னைச் சிறுவயதிலேயே எடுத்துக்கொண்டேன் என்று மூன்றாமவனுக்குச் சொன்னால், என்னை ஏன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாமவன் கேட்பானே! ஆசிரியரிடம் பதில் இல்லை. இறைவன் செயலுக்கு நாம் கணக்கு எழுதித் தர முடியாது என்ற தெளிவு அங்கே பிறந்தது. கஹ்ஃப் அத்தியாயத்தில் களிர் (அலை) ஒரு சிறுவனைக் கொன்றதன் காரணம் பின்னர் மூஸாவுக்குச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமே திரை விலகியது, ஏனையவற்றுக்கு விலகவில்லை. விலகாதவற்றுக்கு மறுமையின் மன்றம் இருக்கிறது. கொம்புள்ள ஆடு முட்டியதற்காகக் கொம்பற்ற ஆட்டுக்கும் அங்கே நீதி உண்டு என்கிறது ஹதீஸ்.

இதையெல்லாம் நம் அரபிக் கல்லூரிகளில் ஷரஹ் அகாயித் வழியே மாணவர்கள் பயில்கிறார்கள். கல்குல் அஃப்ஆல் பற்றிக் கேட்டால் அரபியில் நன்றாகவே விடையளிப்பார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் கடல் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மார் கேட்ட கேள்வி தமிழில் இருந்தது. தண்டனை என்று எளிதாகச் சொல்லிவிட்டவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். கிருஷ்ண பிள்ளை தவறான இடத்தில் விடை தேடினார் என்றே நான் எண்ணுகிறேன். எனினும் பாவம், ஏக்கம், கைவிடப்பட்ட அச்சம், மன்னிப்பு ஆகிய அனைத்துக்கும் கம்பனின் மொழியிலிருந்து சொல் எடுத்து, தம் மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். அஷ்அரியின் மூன்று சகோதரர்களைத் துயருற்ற ஒரு தாயிடம் சொல்லத்தக்க தமிழில் எழுதிக்காட்டுமாறு இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பேனாவை எடுப்பார்கள் என்று தெரியும்.