கொலுவும் கும்பமும்

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது இரவுகள் தேவியை ஆராதித்து, பத்தாம் நாளை விஜயதசமி என்று கொண்டாடும் வழக்கம் தமிழர் வாழும் தேசங்களுக்கெல்லாம் பொதுவானதே ஆயினும், அந்த இரவுகளில் ஒரு கிருகத்தின் தலைவி தன் சிநேகிதிகளை எவ்விதம் அழைக்கிறாள், எதைக் காட்டுகிறாள், எதைக் கொடுத்து அனுப்புகிறாள் என்று கவனிப்போமானால், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இரு வேறு சம்பிரதாயங்கள் வளர்ந்திருப்பது புலனாகும். அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதற்குப் பினாங்கு மிக வசதியான இடம். 1786இல் ஆங்கிலேயர் இத்தீவில் கொடி நாட்டிய காலந்தொட்டுச் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் வந்து சேர்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ரயில்வேயிலும் சர்க்கார் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கு வந்தார்கள். ஆகவே, ஜார்ஜ் டவுனில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் கொலுவும் அடுத்த வீட்டில் கும்பமும் இருப்பது ஆச்சரியத்துக்குரியதன்று.

தமிழ்நாட்டில் எல்லா இல்லங்களிலும் கொலு உண்டென்று சொல்வதற்கில்லை. பிராமணக் குடும்பங்களிலும், முதலியார், பிள்ளைமார், செட்டியார் வீடுகள் பலவற்றிலும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் அது. இப்பொழுது அந்த வரம்பு தளர்ந்து, ஆசையுள்ளவர்கள் எல்லோருமே வைக்கிறார்கள். டிரங்குப் பெட்டிகளையும் பிஸ்கட் டின்களையும் பலகைகளையும் அடுக்கி, அவற்றின்மேல் வெள்ளை வேட்டியைச் சுருக்கமின்றி விரித்து, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, மேலே தெய்வங்களையும், நடுவே மகான்களையும் மனிதர்களையும், கீழே பறவைகளையும் மிருகங்களையும் நிறுத்துவார்கள். கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீராக வந்த மரப்பாச்சித் தம்பதிக்குப் பட்டுத் துணியும் பாசிமணி மாலையும் புதிதாக அணிவிக்கப்படும். அரிசியும் பருப்பும் நிரப்பிய சின்னஞ்சிறு கிண்ணங்களின் பின்னே தொந்தி சரிய அமர்ந்த செட்டியார் பொம்மை, ஆச்சியின் துணையோடு மளிகைக் கடை நடத்தும். காஞ்சிபுரத்திலும் பண்ணுருட்டியிலும் உருவான மண்பொம்மைகள் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் வந்து குவிய, வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டுமென்ற நியமத்தைச் சாக்காகக் கொண்டு நான்கைந்து வாங்கி வருவதும் உண்டு.

படிகளில் இருப்பது பரம்பரை. படிகளுக்கு அருகே தரையில் அமையும் ‘பார்க்’கில்தான் வீட்டுப் பெண்களின் சொந்தக் கற்பனை வெளிப்படுகிறது. கேழ்வரகு முளைகள் புல்தரையாகவும், முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகவும் மாற, ஒரு வருஷம் சீதா கல்யாணம், மறு வருஷம் கிராமத்துச் சந்தை, அதற்கடுத்த வருஷம் தேரோட்டம் என்று விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு அலங்கரிப்பதை இக்காலத்தார் ‘தீம் கொலு’ என்கிறார்கள். மாலை மயங்கியதும் பட்டுப்பாவாடை உடுத்திய சிறுமி குங்குமச் சிமிழோடு வீடு வீடாகச் சென்று, “மாமி, எங்காத்துக் கொலுவுக்கு வாங்கோ” என்று அழைத்துவிட்டு வருவாள். வந்தவர்களை ஒரு பாட்டாவது பாடச் சொல்லாமல் விடுவதில்லை. தொண்டை சரியில்லை என்று முதலில் மறுத்து, பிறகு பல்லவி அநுபல்லவியோடு நிறுத்தாமல் சரணத்தையும் பாடி முடிப்பதே விருந்தினரின் இலக்கணம். பிறகு, ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் காராமணி, ஒருநாள் பட்டாணி என்று முறை மாறி வரும் சுண்டலும், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ரவிக்கைத் துண்டு அடங்கிய தாம்பூலமும் கைக்கு வரும். புறப்படும்போது, “நாளைக்கு எங்காத்துக்கு வரணும்” என்ற எதிர் அழைப்பும் தவறாது.

யாழ்ப்பாணத்திலோ நவராத்திரியின் பிரதான அங்கம் கும்பம். கொழும்பில் சில இல்லங்களிலும், அண்மைக் காலமாக யாழ்ப்பாணத்திலும் கொலு காணப்படுகிறதாயினும், வழிவழி வந்த வழக்கத்தில் சுவாமி அறையைக் கழுவித் துப்புரவாக்கி, தலைவாழை இலையில் நெல் பரப்பி, அதன்மேல் நீர் நிறைந்த கும்பத்தை மாவிலையும் தேங்காயும் சூட்டி வைத்து, நவதானியத்தை முளையிட விட்டு, ஒன்பது நாளும் விளக்கேற்றிப் பூசிப்பதே மரபு. காட்சிப் பொருள் குறைவு, பாட்டு அதிகம். குமரகுருபர சுவாமிகள் அருளிய சகலகலாவல்லிமாலையின் பத்துப் பாடல்களையும் பெரியவர் ஒருவர் தொடங்க, பிள்ளைகள் கூடவே பாடுவார்கள். இங்கே தனியொருத்தியின் சங்கீத ஞானத்துக்குப் பரீட்சை இல்லை. ஸ்வரம் தப்பினாலும் குரல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் சர்க்கரை போட்ட அவலும், தேங்காய்ச் சொட்டுச் சேர்த்துத் தாளித்த கடலையும், புக்கை எனப்படும் பொங்கலும் சுற்றி வர, “பிள்ளை, இன்னும் கொஞ்சம் எடுங்கோ” என்ற உபசாரம் நடைபெறும்.

ஆனால் இலங்கையில் நவராத்திரிக்குப் பெண்கள் கூடும் பெரிய சபை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கும்பம் வைத்து, நாளொன்றுக்கு ஒரு வகுப்பு அல்லது ஒரு பிரிவு உபயமேற்று, இறுதியில் பேச்சும் பாட்டும் நடனமுமாக வாணி விழா நடத்துகிறார்கள். விஜயதசமியன்று குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவதும், கோயில்களில் மானம்பூ என்ற பெயரில் மகிஷாசுர வதத்தைக் குறிக்கும் வாழைவெட்டு நடப்பதும் அங்கே விசேஷம்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் தேடுவோருக்கு ஆறுமுக நாவலரின் ஞாபகம் வராமற் போகாது. 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்த நாள்முதல், யாழ்ப்பாணத்துச் சைவத்துக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் இரு கண்களாயின. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி நிறுவியது அவ்வழியின் தொடர்ச்சியே. கல்வியின் வாயிலாகச் சமயத்தைக் காத்த சமூகத்தில் சரஸ்வதியின் விழா பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது இயல்பு என்பது என் அபிப்பிராயம்.

இனிக் குணதோஷங்களைப் பார்ப்போம். கொலுவின் சிறப்பு, பெண்ணொருத்தி தன் வீட்டுக் கதவைத் தன் பொறுப்பில் திறந்துவைத்து, தன் ரசனையைப் பத்துப் பேர் முன்னிலையில் நிறுத்துகிறாள் என்பது. புருஷர்கள் அங்கே படி கட்டவும் விளக்குச் சரம் மாட்டவும் மட்டுமே வேண்டப்படுகிறார்கள். அதன் குறை, கணவனை இழந்தவளுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் பாதியே திறந்திருந்தது என்பது. குங்குமம் கொடுத்து அனுப்புவதே உபசாரத்தின் சிகரமாக இருக்கும் வைபவத்துக்கு அவளை எப்படி அழைப்பது என்று தயங்கித் தயங்கி, பலர் அழைக்காமலே விட்டார்கள். இலங்கை இல்லங்களிலும் இத்தகைய தயக்கங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வாணி விழாவில் வகுப்பைக் கேட்கிறார்களேயன்றி நெற்றியைப் பார்ப்பதில்லை. அதன் குறை வேறு: நிகழ்ச்சி நிரலும் தலைமையுரையும் வந்தபின், மனம் விட்டுப் பேசிச் சிரிக்கும் அந்தரங்கம் போய்விடுகிறது.

பினாங்கில் இவ்விரண்டையும் சமன்செய்ய ஒரு வாய்ப்பு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் நவராத்திரி நடந்து, விஜயதசமியன்று அம்மன் ரதமேறிக் கடைத்தெருக்களைச் சுற்றி வரும் அதே காலத்தில், பெரும்பாலான ஆண்டுகளில், சீனரின் ஒன்பது பேரரசர் விழாவும் அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் நிகழ்கிறது. விரதமிருக்கும் சீனப் பெண்கள் வெள்ளை உடுத்து, மாமிசத்தோடு வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கி உண்கிறார்கள். நம்முடைய சுண்டலிலும் அவை இரண்டும் இல்லை. அண்டை வீட்டுச் சீன சிநேகிதியை அழைக்க இதைவிடப் பொருத்தமான மாலை கிடைக்காது. பார்க்குக்கு விஷயம் வேண்டுமானால், 1923 முதல் பினாங்குக் கொடிமலையில் ஏறி இறங்கும் ரயிலும், தைப்பூசத்துக் காவடிகள் செல்லும் தண்ணீர்மலையும் உள்ளூரிலேயே இருக்கின்றன. சென்னையிலிருந்து எதையும் தருவிக்கத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து பொம்மைகளையும் திறந்த கதவையும், இலங்கையிலிருந்து எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டையும் எடுத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டில் குங்குமத்தோடு பூவும் பழமும் வைத்து, விரும்பியதை விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், இருகரைச் சம்பிரதாயங்களின் சாரமும் ஒரு மாலையில் அடங்கிவிடும். இவ்வாண்டு கொலு வைக்கும் பினாங்குச் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அழைப்புப் பட்டியலை எழுதும்போது, சென்ற ஆண்டு எந்த வீட்டாரும் அழைக்காத பெண்ணின் பெயரை முதலில் எழுதுங்கள்.