பொத்துவிலில் டேட்டிங் ஆப்: எதுவரை இலவசம்?

சேர்ஃப் சீசனில், மே முதல் ஒக்டோபர் வரை, பொத்துவிலில் இருந்து டிண்டரைத் திறப்பவருக்குப் பக்கத்து ஊரை விட வெளிநாடுதான் கிட்ட. மூன்று கிலோமீட்டர் தள்ளி அறுகம்பேயில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் வரிசையாக வருவார்கள். சீசன் முடிந்ததும் வரிசை சுருங்கிவிடும். தூர எல்லையை அக்கரைப்பற்று, கல்முனை வரை நீட்டினால்தான் ஆள் தென்படும்.

இன்ஸ்டோல் செய்ய எல்லா ஆப்பும் இலவசம்தான், அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. காசு கட்டாமல் செய்தியை வாசித்து, பதிலும் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். தமிழர்கள் நன்கறிந்த பாரத் மேட்ரிமனி இதில் தேறாது: பதிவு இலவசம், போன் நம்பர் பார்க்கக் கட்டணம். டிண்டர், பம்பிள், மஸ் மூன்றும் தேறுகின்றன. இருவருக்கும் பிடித்திருந்தால் பேசக் காசில்லை.

அப்படியானால் எதற்குக் காசு? உங்களை யார் லைக் செய்தார்கள் என்று பார்க்கவும், கணக்கில்லாமல் லைக் போடவும். இரண்டாவது சலுகை கொழும்பில் ஒருவேளை உதவலாம். சிறிய கரையோர ஊரில் லைக் தீருவதற்கு முன் ஆட்களே தீர்ந்துவிடுவார்கள். இங்கு டிண்டரின் கோல்ட் சந்தா வாங்குவது வீண்செலவு. 'ஒரு வாரம் இலவசம்' என்று வரும் சந்தாவும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; பிளே ஸ்டோருக்குள் போய் நாமேதான் நிறுத்த வேண்டும்.

மூன்றில் முஸ்லிம்கள் நிறைந்த இந்தக் கரைக்குப் பொருந்துவது மஸ். லண்டனில் ஷஹ்ஸாத் யூனஸ் இதை மஸ்மேட்ச் என்ற பெயரில் தொடங்கினார். டிண்டரின் உரிமையாளரான மேட்ச் குரூப் பெயர் தொடர்பாக வழக்குப் போட்டு 2022இல் வென்றது. அதே ஆண்டில் பெயர் மஸ் என்று சுருங்கியது. நிக்காஹை நோக்கிய ஆப் என்பதால் தொழுகை எப்படி, எந்தப் பிரிவு என்றெல்லாம் கேட்கிறது. படத்தை மங்கலாக்கி வைத்து, விரும்பியவருக்கு மட்டும் திறந்து காட்டலாம். பெண்ணின் பொறுப்பாளரான வலீயைச் சேர்த்துவிட்டால் உரையாடலின் பிரதி அவருக்கும் போகும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தோடு வாழ்கிற ஊரில் வலீ யார் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கரையில் கலியாணம் பேசும்போது எழும் கேள்விகள் இரண்டு அதில் இல்லை. தாய்வழியாக வரும் குடி எது? மாப்பிள்ளை வந்து இருக்கப்போகும் பெண் வீடு கட்டியாகிவிட்டதா? அவற்றை வாப்பாவும் மாமாவும்தான் பேசியாக வேண்டும்.

பயப்பட வேண்டியது தூரக் கணக்குக்கு. டிண்டர் ஒருகாலத்தில் தூரத்தை மிகத் துல்லியமாக அனுப்பியது. மூன்று இடங்களில் நின்று அளந்தால் ஒருவர் இருக்கும் இடத்தையே பிடித்துவிடலாம் என்று இன்க்ளூட் செக்யூரிட்டி நிறுவனம் 2014இல் காட்டியது. ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் பொத்துவிலில் கிழக்கே கடல், நடுவே ஏ4 வீதி, மேற்கே வயலும் களப்பும். கடலில் யாரும் வீடு கட்டுவதில்லை. தூரத்தை வைத்து வரையும் வட்டத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும். 'இரண்டு கிலோமீட்டர்' என்ற சொல்லோடு, படத்தின் பின்னால் ஒரு கடைப் பலகை தெரிந்தால் போதும், ஊர்க்காரருக்கு வீடே தெரிந்துவிடும்.

அண்ட்ரொய்ட் 12 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களில் ஆப் முதன்முறை இடத்தைக் கேட்கும்போது இரண்டு சிறு வரைபடங்கள் தோன்றும்: ஒன்று துல்லியமான இடம், மற்றது தோராயமான இடம். தோராயத்தைத் தொடுங்கள். ஐபோனிலும் இந்த வசதி உண்டு. டிண்டரில் 2021 முதல் தொடர்புகளைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது; காக்கா, மச்சான், டியூஷன் சேர் நம்பர்களை முதலிலேயே அதில் போட்டுவிடலாம்.

'வெளிநாட்டில் இருந்து பரிசுப் பொதி அனுப்பினேன், சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள், காசு கட்டு' என்பது பழைய கதை. இன்றும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். புதிய கதை கிரிப்டோ முதலீடு. 2024இல் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் இருந்து இலங்கையர் பலர் மீட்கப்பட்டார்கள். வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். மறுமுனையில் தேன் ஒழுகப் பேசுவது அடைத்து வைக்கப்பட்ட நம் நாட்டுப் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். யாராயிருந்தாலும் வீடியோ அழைப்புக்கு வராதவருக்குக் காசு போகக் கூடாது.

படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு 109இல் பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்தையோ, 1938இல் மகளிர் உதவிச் சேவையையோ அழைக்கலாம். எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நடத்தும் 'ஹிதவதி'யும் வழிகாட்டும். ஸ்டொப் என்சிஐஐ என்ற தளத்துக்குப் படத்தைக் கொடுக்கவே வேண்டியதில்லை. படம் போனிலேயே இருக்க, அதன் இலக்கமுறைக் கைரேகை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குப் போகும். அங்கே அந்தப் படம் ஏறாமல் தடுக்க அது உதவும்.

பொருத்தம் அமைந்த பிறகு ஆப்பை மட்டும் அழித்தால் புரொஃபைல் அங்கேயே கிடக்கும். முதலில் செட்டிங்ஸ் உள்ளே போய்க் கணக்கை நீக்க வேண்டும்.