பின்னால் வருபவனுக்கு: இப்னு ஜுபைரின் ரிஹ்லாவை முன்வைத்து

அரபுப் பயண இலக்கியத்தைப் பற்றித் தமிழில் பேசும்போது இரண்டு வகையான வாசிப்புகளே நம்மிடையே வழக்கில் உள்ளன. அதிசயங்களைத் திரட்டுவது ஒன்று. வரலாற்று நூல்களுக்கு அடிக்குறிப்பு தேடுவது மற்றொன்று. இவ்விரண்டிலும் விடுபட்டுப் போகிறவன், அந்த நூல்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ அந்த மனிதன்: அடுத்த ஆண்டு அதே பாதையில் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பவிருக்கும் ஹாஜி. எந்தத் துறைமுகத்தில் இறங்குவது, எந்தக் கடவையைத் தவிர்ப்பது, எந்த மாதத்தில் காற்று வாய்க்கும், யாரிடம் பணத்தை மறைக்க முடியாது என்பனவே அவனுக்குத் தேவைப்பட்ட செய்திகள். இந்தச் செய்திகளைச் சொல்லும் பகுதிகளை நமது விமரிசகர்கள் இலக்கியமாகக் கருதுவதில்லை. இப்னு ஜுபைரின் நூலை மதிப்பிட வேண்டிய இடமே அவைதாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அபுல் ஹுஸைன் முஹம்மது இப்னு அஹ்மத் இப்னு ஜுபைர் 1145 இல் ஸ்பெயினின் வலன்ஸியாவில் பிறந்தவர். கர்நாத்தா ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். 1183 பிப்ரவரியில் அஹ்மத் இப்னு ஹஸ்ஸான் என்ற மருத்துவரைத் துணையாகக் கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, 1185 ஏப்ரலில் ஊர் திரும்பினார். மதுவருந்தக் கட்டாயப்படுத்தப்பட்டதற்குப் பரிகாரமாகவே அவர் இப்பயணத்தை மேற்கொண்டார் என்ற கதை பிற்கால நூல்களில் உண்டு. அவருடைய நூலில் இல்லை. நூல் நாட்குறிப்பின் வடிவில் அமைந்தது. ஹிஜ்ரி மாதத்தையும் அதற்கு இணையான கிறிஸ்தவ மாதத்தையும் சேர்த்தே அவர் குறிக்கிறார். நமக்கு எஞ்சிய கையெழுத்துப் பிரதி ஹாலந்தின் லெய்டன் நகரில் உள்ளது. அதை வைத்து வில்லியம் ரைட் 1852 இல் முதன்முதலாக அச்சிட்டார்.

ஸப்தாவிலிருந்து ஒரு ஜெனோவா நாட்டுக் கப்பலில் முப்பது நாட்கள் பயணம் செய்து, 1183 மார்ச் 26 அன்று அவர் இஸ்கந்தரிய்யாவை அடைகிறார். அந்நகரின் கலங்கரை விளக்கத்தையும் மத்ரஸாக்களையும் அவர் வருணிக்கும் பகுதிகள் பலராலும் மேற்கோள் காட்டப்பட்டவை. அவற்றுக்கு முன்பாகவே சுங்க அதிகாரிகள் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. சுல்தானின் ஆட்கள் கப்பலில் ஏறி ஒவ்வொருவரின் பெயர், ஊர், உடைமை அனைத்தையும் பதிகிறார்கள். கையிலிருக்கும் சரக்குக்கும் பணத்துக்கும் ஓராண்டு நிறைந்ததா இல்லையா என்று கேட்காமலேயே ஸகாத் கோருகிறார்கள். ஃபிக்ஹின் அரிச்சுவடி தெரிந்தவனுக்கும் இதிலுள்ள பிழை புரியும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஹஜ்ஜுக்கான வழிச்செலவைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள். பிறகு மூட்டைகள் கரையில் அவிழ்க்கப்பட்டு ஒன்றோடொன்று கலக்கின்றன. இடுப்புக் கச்சைக்குள் கைகள் நுழைகின்றன. வேறொன்றும் இல்லை என்று குர்ஆன்மீது சத்தியம் வாங்கப்படுகிறது. கூட்ட நெரிசலில் பல பொருள்கள் காணாமல் போகின்றன. உடன் வந்த மருத்துவரைத் தனியே அழைத்துச் சென்று மேற்குலகத்துச் செய்திகளை விசாரிக்கிறார்கள்.

இதை எழுதுகிறவர் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மீது பேரன்பு கொண்டவர். ஏறத்தாழ ஒவ்வொரு நகரிலும் அந்த சுல்தானின் நீதியை வாழ்த்தாமல் அவர் நகர்வதில்லை. எனவே, இந்தக் கொடுமை சுல்தானுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் நீக்கியிருப்பார் என்று ஒரு விளக்கத்தையும் சேர்க்கிறார். அவ்வாண்டு சுல்தான் எகிப்தில் இல்லை, ஷாமில் இருந்தார் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் இந்த விளக்கம், மூட்டை அவிழ்க்கப்படும் ஹாஜிக்கு எந்தப் பயனும் இல்லாதது. அரசவை எழுத்தராக இருந்தவரின் பழக்கதோஷம் என்றே அதைக் கொள்ள வேண்டும். நூலைக் காப்பாற்றுவது வேறொன்று: விளக்கத்தைச் சேர்த்தவர் சம்பவத்தை நீக்கவில்லை, மென்மையாக்கவும் இல்லை. புகழுரை ஒரு பக்கமும் சுங்கச்சாவடி ஒரு பக்கமுமாக அப்படியே இருக்கின்றன.

நைல் வழியாகக் கூஸ் நகருக்கும், அங்கிருந்து பாலைவழியே செங்கடல் துறைமுகமான ஐதாபுக்கும் அவர் செல்கிறார். பாலைப் பயணத்துக்கு எத்தகைய ஒட்டகப் பல்லக்கு சிறந்தது என்பதில் அவர் காட்டும் அக்கறை ரசிக்கத்தக்கது. ஷுக்துஃப் எனப்படும், தோல் போர்த்திய, விசாலமான யமன் நாட்டுப் பல்லக்குகளே மேல் என்கிறார். இரண்டை வலுவான கயிற்றால் பிணைத்து ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கவிட்டால், ஆளுக்கொரு புறமாக இருவர் வெயில் படாமல் அமரலாம்; உண்ணலாம்; ஓதலாம்; சதுரங்கம் ஆகும் என்று கருதுகிறவர் அதையும் ஆடலாம். அந்தக் கடைசிச் சலுகையில் ஒரு மாலிக்கி மத்ஹபுக்காரரின் புன்னகை தெரிகிறது. அதே பாதையில், களைத்துப்போன ஒட்டகங்களிடமிருந்து இறக்கி வைக்கப்பட்ட மிளகு, இலவங்கப்பட்டைப் பொதிகள் காவலின்றிக் கிடப்பதையும், உரியவர் வந்து எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடுவதில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். இந்தியாவின் மிளகு எகிப்துக்குப் போன வழி அது. பாதை பாதுகாப்பானது என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பொதிகளே சொல்லிவிடுகின்றன.

ஐதாபில் அவருடைய குரல் மாறுகிறது. அங்கிருந்து ஜித்தாவுக்குச் செல்லும் ஜில்பா படகுகளில் ஆணி கிடையாது. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுகிறார்கள். மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வருகின்றன என்று எழுதுகிறார். நமது கரையோர முஸ்லிம்களுக்கு இது புதிய செய்தியாக இராது. இந்துமாக்கடல் முழுவதும் ஒரு காலத்தில் இப்படித் தைத்த மரக்கலங்களில்தான் ஓடியது. அந்தக் கட்டுமானத்தை இப்னு ஜுபைர் குறை சொல்லவில்லை. படகுக்காரர்கள் ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் ஒருவர்மேல் ஒருவராக ஏற்றுகிறார்கள், ஒரே நடையில் படகின் விலையை எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு, அதன்பின் கடல் என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. ஆகவே இயன்றவன் ஐதாபைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம். ஷாம் வழியாக இராக் சென்று, பக்தாதின் ஹஜ் குழுவோடு சேர்ந்து போகட்டும் என்று வெளிப்படையாக அறிவுறுத்துகிறார். எவ்வளவு நீண்ட சுற்றுவழி அது! மரக்கலத்தில் அக்கா சென்று இறங்குவதானால் சிலுவைப்போராளிகளின் துறைமுகத்தில் அல்லவா கால் வைக்க வேண்டும்? அதுவும் ஐதாபைவிட எளிது என்பதே அவர் தீர்ப்பு.

இவ்விடத்தில் அவர்மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. ஐதாபின் புஜா மக்களைப் பற்றி அவர் எழுதும் சொற்கள் வெறும் இழிவுரை. மனிதரோடு வைத்து எண்ணவே அவர் தயாராக இல்லை. நீரும் உணவும் வெளியிலிருந்து வந்தாக வேண்டிய, ஹாஜிகளின் வருகையைத் தவிர வேறு வருவாய் அரிதான ஒரு மண்ணில் அவர்கள் வாழ்கிறார்கள் என்ற தகவலை அவரே தருகிறார். தந்த தகவலிலிருந்து ஒரு நியாயமான முடிவை எடுக்க அவருடைய கோபம் இடம் தரவில்லை. பயண எச்சரிக்கை என்ற வகைமைக்கே இந்த நோய் உண்டு. ஓர் ஊரைத் தவிர்க்கச் சொல்லப் புகுந்தவர், அந்த ஊர்க்காரனை வெறுக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்.

ஜித்தா, பக்தாத் பகுதிகளை விரிக்க இங்கு இடமில்லை. ஜித்தாவில், எகிப்திலிருந்து வரவேண்டிய மானியம் தாமதமானதற்காக மக்காவின் அமீர் ஹாஜிகளை ஒருவருக்கொருவர் பிணையாக நிறுத்தியதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். பக்தாத் மக்களின் தற்பெருமையைக் கண்டிப்பதில் ஓர் அந்நியனின் காயம்பட்ட மனம்தான் அதிகம் தெரிகிறது. திமிஷ்கில் மட்டும் அறிவுரை உற்சாகமாகிறது. கல்வி நாடும் மேற்குலகத்து இளைஞர்கள் தயங்காமல் அங்கு வரட்டும், பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் படிக்க அங்குள்ள வக்ஃபுகள் வழி செய்கின்றன என்கிறார். அதைப் படித்துப் புறப்பட்ட அந்தலூஸிய மாணவன் எவனாவது இருந்திருப்பான் என்று எண்ணிப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

நூலின் உண்மையான சோதனை 1184 செப்டம்பரில் வருகிறது. ஸலாஹுத்தீன் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த காலம். போர் ஒருபுறம் நடக்க, வணிகக் குழுக்கள் இரு தரப்பு நிலங்களின் வழியாகவும் தடையின்றிப் போய்வருவதை வியப்போடு பதிகிறார். திப்னீன் கோட்டையில் மேற்குலகத்தாரிடம் மட்டும் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் வரி வாங்குகிறார்கள். ஏனென்றால், முன்பொரு முறை நூருத்தீனின் படையோடு சேர்ந்து மேற்குலகத்தார் சிலர் ஒரு ஃபிரங்கிக் கோட்டையைத் தாக்கியிருந்தார்கள். பயணிக்கு எவ்வளவு வரி என்பதும் தெரிகிறது, ஏன் என்பதும் தெரிகிறது; அந்தக் காரணத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. சுற்றியுள்ள முஸ்லிம் விவசாயிகளோ அறுவடையில் பாதியும், தலைக்கு ஒரு தீனார் ஐந்து கீராத்தும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். முஸ்லிம் ஆட்சியிலுள்ள தம் சகோதரர்கள் நிலக்கிழார்களின் அநீதியைப் பற்றி முறையிடும்போது, இவர்கள் ஃபிரங்கிகளின் நடத்தையில் குறை காணவில்லை. இது முஸ்லிம்களுக்கு நேர்ந்த சோதனை என்று வருந்தியவாறே எழுதுகிறார். வருத்தம் உண்மையானது. எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை என்பதும் உண்மை.

பிறகு அக்கா. அதே சுங்கம், அதே மூட்டைகள். பொன் அலங்காரம் செய்த கருங்காலி மைக்கூடுகளோடு அமர்ந்திருக்கும் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் பேசி, அரபியில் எழுதுகிறார்கள். சரக்கு இல்லாதவர்களின் சுமைகளும் சோதிக்கப்படுகின்றன. எல்லாம் மரியாதையோடு, கடுமையின்றி நடந்து முடிகிறது என்று அவர் பதிகிறார். இஸ்கந்தரிய்யாவின் பெயரை அங்கு அவர் எடுக்கவில்லை; எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு பக்கங்களையும் படித்த பயணிக்குக் கணக்கு விளங்கிவிடும்.

இவரை இன்று சமய நல்லிணக்கத்தின் முன்னோடியாகக் காட்டும் கட்டுரைகளைக் காண்கிறோம். அது அவருக்குச் செய்யும் நியாயமன்று. ஃபிரங்கி அரசனையும் அவன் தாயையும் பன்றி என்று ஏசுகிறார். அக்கா நகரம் அழுக்கும் நாற்றமும் மிக்கது என்கிறார். வழிப்போக்கனாகக் கடந்து செல்வதன்றி, அந்த நாடுகளில் ஒரு முஸ்லிம் தங்கி வாழ மார்க்கத்தில் இடமில்லை என்று முடிவுரைக்கிறார். மறுபுறம், அவரை வெறும் பகைமையாளராக வாசிக்கும் மேற்கத்திய ஆய்வாளர்கள் அந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவருடைய வெறுப்பு அவருடைய தகவலைக் கெடுக்கவில்லை என்பதே நாம் வியக்க வேண்டிய செய்தி. எதிரியின் ஊரில் ஒழுங்கு இருந்தால் ஒழுங்கு என்றும், தம்மவரின் ஊரில் கொள்ளை இருந்தால் கொள்ளை என்றும் எழுதுவதை, பின்னால் வருபவனுக்குச் செலுத்த வேண்டிய அமானிதமாக அவர் கருதியிருக்கிறார்.

சிசிலியில் இது இன்னும் கூர்மையடைகிறது. 1184 அக்டோபர் 18 அன்று அக்காவிலிருந்து புறப்பட்ட கப்பலில், ஜெரூசலத்திலிருந்து திரும்பும் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அக்கரையில் கிழக்குக் காற்று வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வீசும். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிவுவரை ஒரு பருவம், அக்டோபர் நடுவிலிருந்து ஏறத்தாழ பதினைந்து நாட்கள் மற்றொன்று என்று கப்பலோட்டிக்குரிய துல்லியத்தோடு குறித்துவைக்கிறார். அந்தக் கணக்கை அறிந்தே ஏறியும் புயலில் சிக்கி, உணவு தீர்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் மெஸ்ஸினாவுக்கு அருகில் கப்பல் உடைகிறது. கரை சேர்க்க வந்த படகுக்காரர்கள் கூலி கேட்கிறார்கள். ஏழை முஸ்லிம்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. தற்செயலாக அங்கிருந்த மன்னர் இரண்டாம் வில்லியம் நூறு ருபாயீ நாணயங்களை அளித்து அவர்களைக் கரையேற்றுகிறார். அவருக்கு அவர் நன்றியோடு எழுதுகிறார். சில வாரங்களில் திராபனிஷ் நகரில், தம் மகளை அழைத்துச் சென்று முஸ்லிம் நாட்டில் மணமுடித்துவையுங்கள் என்று ஒரு தந்தை பயணிகளிடம் கெஞ்சும் காட்சியையும் எழுதுகிறார். மன்னரின் தயாளம் ஒன்று, அவருடைய முஸ்லிம் குடிகளின் அச்சம் மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கும் வேலையை அவர் செய்யவில்லை.

நாள் குறித்து எழுதும் அவருடைய முறைக்கு இங்குதான் பொருள் விளங்குகிறது. வரியும் காற்றும் அதிகாரியின் குணமும் மாறக்கூடியவை. எந்த ஆண்டின் செய்தி என்று தெரியாத அறிவுரை ஆபத்தானது. 1355 இல் இப்னு பதூதாவின் பயணத்தைத் தொகுத்த இப்னு ஜுஸைய், மக்கா, திமிஷ்க் முதலிய நகரங்களின் வருணனைகளில் பல பகுதிகளை இப்னு ஜுபைரிடமிருந்து எடுத்துச் சேர்த்தார். நடை அழகாக இருப்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நகரம் புதிதாகக் கண்டதுபோல் அங்கே நிற்கிறது. மாறாக, இப்னு பதூதா தம் சொந்த அனுபவமாகச் சொல்லும் ஐதாப் பகுதி பயனுள்ளது. 1326 இல் அவர் அங்கு சென்றபோது, புஜாக்களுக்கும் மம்லூக் படைக்கும் நடந்த சண்டையில் படகுகள் அழிந்துபோயிருந்தன. கடல் கடக்க வழியில்லாமல் கூஸுக்கும் கெய்ரோவுக்கும் திரும்பி, ஷாம் வழியாகவே அவர் ஹிஜாஸ் சேர்ந்தார்.

பைத்துல் முகத்தஸ் 1187 இல் மீட்கப்பட்டதை அறிந்து 1189 இல் இப்னு ஜுபைர் மீண்டும் கிழக்கே வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றியோ அதற்குப் பின் மேற்கொண்ட மூன்றாம் பயணத்தைப் பற்றியோ அவர் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1217 இல் அவர் இஸ்கந்தரிய்யாவிலேயே காலமானார்.